கூண்டில் ஏறாத சாட்சி

இரவு மணி பன்னிரண்டு. ஊர் உறங்கிவிட்டது, நம் இளைஞன் உறங்கவில்லை. விளக்கருகே ஏடு, ஏட்டிலே வழக்கு மன்றம், கூண்டிலே கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன். சாட்சி வருகிறான், சத்தியம் செய்கிறான், சரளமாகப் பேசுகிறான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுகிறார், ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். சாட்சியின் நா உலர்கிறது, முகம் வெளிறுகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியுமா? முடியவில்லை. "இன்னும் ஓர் அத்தியாயம், இன்னும் ஓர் அத்தியாயம்" என்று கூறியபடியே கோழி கூவும் வரை படித்துத் தீர்க்கிறான். பொழுது விடிந்ததும் பெரியவர் கடிந்துரைக்கிறார்: "கண்ட குப்பையைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக் கொள்கிறாயே!"

நாம் அந்தப் பெரியவர் பக்கம் சேர விரும்பவில்லை. வழக்கு மன்றக் கதையிலே இளைஞனைப் பிணித்து நிறுத்துவது எது என்று எண்ணிப் பார்க்கிறோம். கேள்வி! கேள்விதான் அவனை ஈர்க்கிறது. புராணத்திலே முனிவர் சபிப்பார், சபிக்கப்பட்டவன் கல்லாவான், மரமாவான். என்ன சான்று என்று கேட்பார் எவருமிலர். வழக்கு மன்றக் கதையிலோ சீமானும் கூண்டேறிப் பதிலுரைக்க வேண்டும். "நீர் கண்டீரா? எங்கிருந்து கண்டீர்? அப்போது விளக்கு எரிந்ததா?" என்று குடைந்தெடுக்கிறார் வழக்கறிஞர். கேட்கலாம், ஐயுறலாம், ஆராயலாம், பிறகு நம்பலாம் என்பதன்றோ பகுத்தறிவின் பாலபாடம்! அந்தப் பாடத்தைப் பரபரப்போடு படிக்கிறான் நம் இளைஞன். படிக்கட்டும், பாராட்டுவோம்.

ஆனால், அந்தக் கவர்ச்சிக்கு மற்றொரு முகமும் உண்டு. குருதியின் நிறத்திலே ஒரு மயக்கம். 'மானம்' என்ற சொல்லிலே ஒரு போதை. கொன்றவன் அழகனாகவும் ஆற்றலுள்ளவனாகவும் இருந்துவிட்டால், கொலையுண்டவரை மறந்து கொன்றவனுக்காகக் கண்ணீர் வடிக்கும் மனப்போக்கு. முதல் முகம் அறிவை வளர்க்கும். இரண்டாவது முகம் அறிவை உறங்க வைக்கும். இவ்விரண்டும் ஒரே ஏட்டிலே, ஒரே பக்கத்திலே இருக்கக்கூடும். எது எது என்று பிரித்தறிய வேண்டுமானால், கற்பனை வழக்குகளுக்குக் கருவாக அமைந்த உண்மை வழக்குகளைக் காண வேண்டும். இரு வழக்குகளைக் காண்போம். ஒன்று 1873, வங்கம். மற்றொன்று 1959, பம்பாய். இடையிலே 86 ஆண்டுகள். ஆனால், கதை ஒன்றே!

தாரகேசுவரத்துக் கொலை

வங்கத்திலே, ஹூக்ளி மாவட்டத்திலே, தாரகேசுவரம் என்றோர் ஊர். அங்கே பேர்பெற்ற சிவன் கோயில். நோய் தீர வருவோர், பிள்ளை வரம் வேண்டி வருவோர், நேர்ந்துகொண்டு பட்டினி கிடப்போர் என்று கூட்டம் குறையாது. கோயிலின் தலைவர் 'மகந்த்'. நம் நாட்டு மடாதிபதி போல. துறவி என்பது பட்டம்; நிலமும் பணமும் அடியாட்களும் அவர் கைவசம். 1873இல் அப்பதவியிலே இருந்தவர் மாதவ சந்திர கிரி.

அருகே குமருல் என்னும் சிற்றூர். அங்கே தந்தை வீட்டிலே இருந்தாள் ஏலோகேசி, வயது 16. கணவன் நவீன் சந்திர பானர்ஜிக்குக் கல்கத்தாவிலே அரசாங்க அச்சகத்தில் வேலை. பிள்ளைப்பேற்றுக்கு மருந்து தருவார் மகந்த் என்று அழைத்துச் செல்லப்பட்டாள் அப்பெண். மருந்து தேடிச் சென்றவள் மகந்தின் வலையிலே வீழ்ந்தாள். மயக்க மருந்து தந்து கெடுத்தான் என்றது ஊர். பெற்றவர்களே பொருளுக்கு ஆசைப்பட்டுத் துணை நின்றனர் என்றும் பேசிற்று.

கணவன் வந்தான், ஊர்ப் பேச்சைக் கேட்டான், துடித்தான். கேட்டபோது அவள் மறைக்கவில்லை. நடந்ததைக் கூறினாள், மன்னிப்புக் கோரினாள். மன்னித்தான். இருவரும் கல்கத்தாவுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தனர். ஆனால், மகந்தின் ஆட்கள் வழி மறித்தனர். பல்லக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தனர். தப்ப வழியில்லை என்று கண்டதும் கணவன் கையிலே மீன் அரியும் அரிவாள் ஏறிற்று. 1873 மே 27. பாய்ந்தது எங்கே? மகந்தின் மீதா? மறித்து நின்ற அடியாட்கள் மீதா? இல்லை. மன்னிக்கப்பட்ட மங்கையின் கழுத்திலே! பிறகு அவனே காவல் நிலையம் சென்று, கொன்றேன் என்றுரைத்தான்.

கட்டணம் செலுத்திக் கண்ட வழக்கு

ஹூக்ளி செசன்ஸ் மன்றத்திலே வழக்கு வந்தது. நாடகக் கொட்டகைக்குத் திரளுவது போல மக்கள் திரண்டனர். கூட்டத்தைக் கட்டுப்படுத்த நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது! அது மட்டுமா? ஆங்கிலம் அறிந்தோர் மட்டுமே உள்ளே வரலாம் என்றும் கட்டுப்பாடு செய்தனர். குற்றம் நடந்தது வங்காளி வீட்டிலே. கொன்றவனும் வங்காளி, கொலையுண்டவளும் வங்காளி. ஆனால், வழக்கு நடந்த மொழி வங்காளிகளில் பெரும்பாலோருக்கு விளங்காத மொழி.

இங்கே நம் நாட்டு நினைவு ஒன்று வருகிறது. தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1862இலேயே உயர் மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்து தமிழ் நாவலுக்குத் தொடக்கம் செய்தார். அந்நாவலிலேயே, தமிழர் வழக்கு தமிழிலே நடக்க வேண்டும் என்று வாதாடினார். தன் உயிரைப் பற்றிய வாதம் தனக்கே புரியாமல் கூண்டிலே நிற்பவனுடைய நிலையை, நீதிபதி நாற்காலியிலே அமர்ந்தவர் உணர்ந்திருந்தார். ஹூக்ளியிலே வாசலில் தடுக்கப்பட்டோர் கேட்டதும் அந்த உரிமையைத்தான்.

நவீனுக்காக வாதாடியவர் டபிள்யூ. சி. பானர்ஜி, பின்னாளில், 1885இல், காங்கிரசின் முதல் தலைவரானவர். கொன்ற நேரத்திலே எதிரி சித்தம் கலங்கியிருந்தான் என்பது வாதம். இந்தியர்களைக் கொண்ட ஜூரி அதனை ஏற்றது, விடுவிக்கலாம் என்றது. நீதிபதி ஃபீல்டு இணங்கவில்லை. வழக்கை உயர்நீதி மன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதி மன்றம் கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று கூறி, ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை விதித்தது. மகந்துக்கு? மூன்றாண்டுக் கடுங்காவல், 2,000 ரூபாய் அபராதம்.

பொங்கி எழுந்தது வங்கம். நம்மவர் ஜூரி விடுவித்தவனை வெள்ளை நீதிபதி தண்டிப்பதா என்ற சினம். காவியுடைக் கயவனுக்கு மூன்றாண்டு, கலங்கிய கணவனுக்கு ஆயுளா என்ற ஆத்திரம். விண்ணப்பங்கள் குவிந்தன. 1875இல் நவீன் விடுதலை பெற்றான்.

இதற்கிடையே வழக்கு, சரக்காயிற்று. கல்கத்தாவின் பட்டலா வட்டாரத்து மலிவு அச்சகங்கள் கதைகளையும் பாட்டுகளையும் கொட்டிக் குவித்தன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். 1873இலே தோன்றிய பெங்கால் தியேட்டருக்கு இந்த வழக்கு நாடகம் வருவாயை வாரித் தந்தது. காளிகாட் ஓவியர்கள் காட்சி காட்சியாகத் தீட்டினர்: மகந்தின் முன் ஏலோகேசி, அரிவாள் ஓங்கிய நவீன், சிறையிலே செக்கிழுக்கும் மகந்த். அவள் பெயர் பொறித்த புடவை வந்தது, வெற்றிலைப் பெட்டி வந்தது, மீன் அரிவாளும் வந்தது! மகந்த் சிறையிலே ஆட்டிய எண்ணெயில் செய்தது என்று விளம்பரப்படுத்தித் தலைவலி மருந்தும் விற்றனர். வரம் கொடுத்த கரம் செக்காட்டியதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர் என்றால், அந்த மகிழ்ச்சியிலே நியாயம் இருந்தது. சட்டத்தின் முன் சாமியாரும் சாதாரணமானவனே என்று ஒரு பெருங்கூட்டம் கண்கூடாகக் கண்ட நாள் அது. புராணம் தராத அந்தப் பாடத்தை வழக்கு மன்றம் தந்தது.

ஆனால், அரிவாளிலே பெயர் பொறித்தார்களே, யார் பெயரை? அந்த அரிவாளால் அறுபட்டவளின் பெயரை! அதனை வாங்கிப் போய் அடுக்களையிலே வைத்த கைகள் ஒரு கணமேனும் நடுங்கினவா?

வழக்கிலே இல்லாதவள்

மகந்த் தண்டிக்கப்பட்டது எந்தக் குற்றத்துக்காக என்று எண்ணிப் பாருங்கள். 'பிறன் மனை கவர்தல்' என்ற குற்றத்துக்காக. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு அது. அதன்படி, மற்றொருவன் மனைவியோடு, அவனுடைய இசைவின்றிக் கூடியவன் குற்றவாளி. யாருடைய இசைவின்றி? கணவனுடைய இசைவின்றி! மனைவி இசைந்தாளா, அஞ்சினாளா, மயக்கப்பட்டாளா என்று அப்பிரிவு கேட்கவில்லை. முறையிடும் உரிமை கணவன் பக்கத்திலே, மனைவிக்கு இல்லை. வேலி தாண்டிய மாட்டுக்காக வயலுக்குடையவன் வழக்காடுவது போல, மனைவிக்குடையவன் வழக்காடினான்.

ஆகவே, ஏலோகேசி உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பிரிவின்கீழ் அவள் வழக்காளி ஆகியிருக்க முடியாது. கொலை வழக்கிலே அவள் பிணம். பிறன் மனை வழக்கிலே அவள் பொருள். இரண்டு வழக்குகளுக்கும் காரணமானவள் இரண்டிலும் பேசவில்லை. நாடகாசிரியர்கள் அவளைப் பேச வைத்தனர். சிலர் கற்பிழந்தவளாகக் காட்டித் தூற்றினர். சிலர் பேதையாகக் காட்டி இரங்கினர். சிலர் தந்தையைச் சாடினர். ஆனால், "மன்னித்த பிறகு ஏனடா கொன்றாய்?" என்ற கேள்வியை அவள் சார்பிலே கேட்க ஆள் அருகி இருந்தது. கண்ணீர் முழுவதும் கணவன் கணக்கிலே வரவு வைக்கப்பட்டது.

பரபரப்பு ஓய்ந்தது; நாடகக் கொட்டகைகள் வேறு கதை தேடின; கோயில் ஆட்சிமுறையோ அப்படியே இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1924இல், அதே தாரகேசுவரத்திலே, அப்போதிருந்த மகந்தின் முறைகேடுகளை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது, சி. ஆர். தாஸ் முதலியோர் அதிலே ஈடுபட்டனர். ஒரு மகந்த் செக்காட்டியதைப் பார்த்துக் கைதட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதியதன் பயன் அது!

பம்பாய்த் துப்பாக்கி

இனிப் பம்பாய்க்குப் போவோம். 1959 ஏப்ரல் 27. கடற்படைத் தளபதி காவஸ் மானெக்‌ஷா நானாவதி. கம்பீரத் தோற்றம், வெள்ளைச் சீருடை, மார்பிலே பதக்கம். மனைவி அவரிடம், தாம் பிரேம் அகுஜா என்பவரிடம் மனம் பறிகொடுத்ததைக் கூறுகிறார். நானாவதி சீறவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் சினிமாக் கொட்டகையிலே இறக்கி விடுகிறார். கப்பலுக்குச் செல்கிறார்; பொய்க் காரணம் கூறித் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெறுகிறார். அகுஜாவை அலுவலகத்திலே தேடுகிறார், அங்கில்லை, வீட்டுக்குப் போகிறார். மூன்று குண்டுகள். அகுஜா பிணம். நானாவதி காவல்துறையிடம் சரண்.

படிக்கிறவன் மூச்சு நின்றுவிடும்படி கதை எழுதுவோர்கூட இப்படி ஒரு நாளை அமைத்திட முடியாது. 'பிளிட்ஸ்' என்ற ஆங்கில வார ஏடு நானாவதிக்காக வரிந்து கட்டிற்று. 25 காசு இதழ் 2 ரூபாய்க்கு விலை போயிற்று. தெருவிலே 'அகுஜா துண்டு' விற்றார்கள், 'நானாவதி துப்பாக்கி' என்று பொம்மை விற்றார்கள். வங்கத்து மீன் அரிவாள் பம்பாயிலே பொம்மைத் துப்பாக்கி ஆயிற்று, சந்தை மாறவில்லை!

துண்டு ஏன்? குளித்து வந்த அகுஜா இடுப்பிலே துண்டு கட்டியிருந்தார். கைகலப்பிலே துப்பாக்கி தவறி வெடித்தது என்றனர் எதிரி தரப்பினர். அப்படியானால், இடுப்புத் துண்டு அவிழாமல் இருந்தது எப்படி என்று மடக்கினர் அரசு தரப்பினர். பார்த்தீரா? ஒரு முழத் துணி! அது பேசிற்று உண்மையை. வழக்கு மன்றக் கதையின் உயர்ந்த சுவை இதுதான். பதக்கம் மயக்குகிறது, துண்டு தெளிவிக்கிறது.

ஆனால், ஜூரியிலே எட்டுப் பேர் பதக்கத்தைப் பார்த்தனர். ஒருவர் மட்டுமே வேறுபட்டார். 8-க்கு 1, குற்றவாளி அல்ல என்று முடிவு. செசன்ஸ் நீதிபதி ஆர். பி. மேத்தா அதனை ஏற்க மறுத்து உயர்நீதி மன்றத்துக்கு அனுப்பினார். ஹூக்ளியின் வரலாறு எழுத்துக்கு எழுத்துத் திரும்புகிறது! 1960 மார்ச்சிலே உயர்நீதி மன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அன்றே, முன்பு சென்னையிலும் ஆளுநராக இருந்த சிறீ பிரகாசா, பம்பாய் ஆளுநர் என்ற முறையிலே அத்தண்டனையை நிறுத்தி வைத்தார். 1961 நவம்பர் 24இல் உச்சநீதி மன்றம் தண்டனையை உறுதி செய்தது. திடீர் ஆத்திரமூட்டல் என்ற வாதத்துக்கு அது அளித்த விடை தெளிவானது: பகல் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டவர் மாலை 4.20க்குச் சுட்டார், இடையிலே சுமார் மூன்று மணி நேரம், ஆத்திரம் ஆறப் போதுமான நேரம். 1964இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு அளித்தார். மூன்றாண்டுகூடச் சிறையில் இராமல் நானாவதி வெளியே வந்தார். பிறகு குடும்பத்தோடு கனடா சென்று, 2003இல் மறைந்தார்.

இதுவே நாட்டின் கடைசி ஜூரி வழக்கு என்று பலரும் எழுதிவிடுவர், அது பிழை. அதன் பின்னரும் சில இடங்களிலே ஜூரி விசாரணை நீடித்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடம் தராமல் போனதோடு அது முடிவுற்றது. பரபரப்பான பொய், சாதாரண உண்மையை விரைவிலே வென்றுவிடுகிறது; வழக்குக் கதை படிப்போர் இதனையும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஏலோகேசி கூண்டேறவில்லை. நானாவதியின் மனைவி ஏறினார். ஆனால், கணவரைக் காக்கும் சாட்சியாகவே ஏறினார். அவர் அகுஜாவுக்கு எழுதிய கடிதங்கள் மன்றத்திலே சான்றுகளாயின. நாடு முழுவதும் அவற்றைப் படித்தது. தன் மனத்தை அவர் எழுதியது ஒருவருக்காக, படித்தவர்கள் பல்லாயிரவர். அதன் பிறகு புனைகதை விருந்து தொடங்கிற்று. 1963இல் ஓர் இந்திப் படம், 1973இல் மற்றொன்று, 2016இல் 'ருஸ்தம்'. சல்மான் ருஷ்டி 1981இல் வெளியிட்ட நாவலிலே இவ்வழக்கின் சாயலிலே ஒரு கடற்படைத் தளபதி வருகிறார். 2002இல் இந்திரா சின்கா இதனை வைத்தே ஒரு முழு நாவல் எழுதினார். விருந்திலே நடுவிடம் பெரும்பாலும் சீருடைக்கு. கடிதம் எழுதியவருக்கு ஓரத்து இலை.

படிப்பவன்தான் கடைசி ஜூரி

ஏன் இப்படி என்று கேட்கிறோம். வாசகன் தீயவனா? அல்லன். மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணம் அவனுடைய தாலாட்டிலே கலந்தது, தாய்ப்பாலோடு தரப்பட்டது. கதையாசிரியன் அந்த எண்ணத்தைத் தொட்டு விடுகிறான். உடனே துண்டும் துப்பாக்கியும் மூன்று மணி நேரமும் மறந்து போகின்றன. கேள்வி கேட்க வந்தவன் கைதட்டிவிட்டுப் போகிறான். ஹூக்ளி ஜூரியும் பம்பாய் ஜூரியும் செய்தது இதைத்தான்.

சட்டத்துக்கே அந்த மயக்கம் தெளிய நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மாதவ சந்திர கிரியைத் தண்டித்த அதே 497ஆம் பிரிவை, 2018 செப்டம்பர் 27இல் உச்சநீதி மன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. மனைவி கணவனின் உடைமையல்லள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1860இலே எழுதிய ஒரு வரியை அழிக்க 158 ஆண்டுகள்! சட்டப் புத்தகத்திலிருந்து அழிந்தது; மனத்திலிருந்து அழிந்ததா? 'மானக் கொலை' என்ற சொல்லை இன்றும் கூசாமல் கூறுகிறார்களே, அதிலே யாருடைய மானம் காக்கப்படுகிறது, யாருடைய உயிர் எடுக்கப்படுகிறது?

ஆகவே, நம் இளைஞனிடம் ஏட்டை மூடு என்று கூறமாட்டோம். படி, விடிய விடியப் படி. ஆனால், கதை முடிந்ததும் விளக்கை அணைக்குமுன் மூன்று கேள்விகள் கேள். கூண்டிலே நிற்பவனைப் பற்றி நான் முடிவு செய்தது சான்றைக் கண்டா, சாயலைக் கண்டா? இந்தக் கதையிலே ஆத்திரம் யாருக்கு உரிமையாக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது? பேச வேண்டியவர் எவரேனும் பேசாமலே கதை முடிந்துவிட்டதா?

ஜூரி முறை சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனால், ஒவ்வொரு வாசகனும் ஒரு ஜூரிதான். நல்ல வழக்குக் கதை அவனுக்குச் சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் தராசைத் தருகிறது. கெட்ட கதை அவன் கையிலே பொம்மைத் துப்பாக்கியைத் தந்து அனுப்புகிறது.

ஹூக்ளி மன்றத்திலே கட்டணம் செலுத்தி உட்கார்ந்தவர்கள் எதிரியைப் பார்த்தார்கள், வழக்கறிஞரைப் பார்த்தார்கள், நீதிபதியைப் பார்த்தார்கள். ஓர் இடம் வெறுமையாய் இருந்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ! 16 வயது, பிள்ளை வேண்டும் என்று சென்றவள், உண்மையை ஒளிக்காமல் உரைத்தவள், மன்னிப்பைப் பெற்ற பின் மடிந்தவள். அந்த வெற்றிடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்தான் இனி வழக்குக் கதைகளைப் படிக்க வேண்டும், எழுதவும் வேண்டும்.